தேக்கு மேசையில் டபரா வளையம்

காபி டபரா வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழுந்தால் ஈரம் பாலிஷோடு நின்றிருக்கிறது. கறுத்திருந்தால் மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. இதைப் பார்க்காமல் உப்புத்தாளைத் தொடாதீர்கள்.

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பழைய வீட்டுச் சாமான்களில் அரக்கு பாலிஷ் இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் (பாலிஷ் கரைக்கும் எரிசாராயம்) விடுங்கள், பிசுபிசுத்தால் அரக்குதான். வெள்ளை வளையத்துக்கு, ஸ்பிரிட்டில் நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியால் மரத்தின் ரேகை போகும் திசையில் லேசாக, வேகமாக இழுங்கள். நடுவில் நிறுத்தினால் பாலிஷ் இளகித் துணி ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையே வேண்டாம். காற்றின் ஈரத்தில் அரக்கு மறுபடி வெளுக்கும்.

கறுப்புக் கறை பெரும்பாலும் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் நீரில் சேர்ந்து உண்டாவது. பாலிஷை நீக்கிய பிறகே, கறையை வெளுக்கும் ஆக்சாலிக் அமிலம் பலிக்கும். 250 மி.லி. வெந்நீரில் 25 கிராம் அமிலத் தூள், பிளாஸ்டிக் கிண்ணத்தில். விஷம், கையுறை கட்டாயம். முழுப் பலகைக்கும் தடவுங்கள், இல்லையேல் அந்த இடம் மட்டும் திட்டாக வெளுக்கும். 20 நிமிடம் கழித்து நல்ல தண்ணீரால் பலமுறை துடையுங்கள். மிச்சத் தூள் இருக்கும்போது உப்புத்தாள் போட்டால் அது மூச்சில் ஏறும்.