புள்ளிப் புள்ளியா இருந்தா போதுமா?

2022 ஜனவரி 15, இந்திய ராணுவ தின அணிவகுப்பில் வெளிவந்த புதிய போர்ச் சீருடையைப் பலரும் “பிக்சல் டிசைன்” என்பதோடு விட்டுவிடுகிறார்கள். நிஃப்ட் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்) வடிவமைத்தது, ஆலிவ், மண் நிறங்களின் கலவை, 70:30 பருத்தி-பாலியஸ்டர். சட்டையை பேன்ட்டுக்குள் செருகுவதில்லை, பெல்ட் சட்டைக்கு அடியில் போய்விடுகிறது.

பிக்சல், அதாவது சின்னச் சின்னச் சதுரங்களால் ஆன வடிவம், வெறும் அழகுக்கு இல்லை, ஆளை மறைப்பதற்கு. சதுரங்கள் சேர்ந்த பெரிய திட்டுகள் தூரத்தில் உடம்பின் விளிம்பை உடைக்கும். சின்னச் சதுரங்கள் கிட்டத்தில் இலை, சருகின் சிதறலோடு கலக்கும். திட்டுகள் சிறிதாகவே இருந்தால் தூரத்தில் எல்லாம் கலந்து ஒரே நிறமாகிவிடும், அதோடு ஆள் உருவம் பளிச்.

உண்மையான தலைவலி சாயத்தில். பருத்திக்கு வாட் சாயம், பாலியஸ்டருக்கு டிஸ்பெர்ஸ் சாயம். இரண்டும் ஒரே நிறத்துக்கு வந்து, ஒரே வேகத்தில் வெளுக்கணும். அதோடு, பச்சை இலை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நன்றாகப் பிரதிபலிக்கும். கண்ணுக்கு அதே பச்சையாகத் தெரியும் துணி, அகச்சிவப்பைப் பிடிக்கும் இரவுக் கருவியில் கறுப்பாகவோ வெளுப்பாகவோ தனித்து நிற்கலாம். கடையில் விற்கும் நகல் துணிகள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான்.

துவைப்பதிலும் இந்த மறைப்பு கெடும். “பளிச் வெண்மை” தரும் சோப்புத்தூளில் ஒளிரூட்டி (துணியை வெண்மையாகக் காட்டும் ரசாயனம்) இருக்கும். புற ஊதாவில் துணி மினுங்கும். கஞ்சி போட்டு இஸ்திரி போட்டால் மினுமினுப்பு ஏறும், மடிப்புக்கோடு நேராக நிற்கும். காட்டில் நேர்கோடு ஏது? சாதா சோப்பு, உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் உலர்த்தல், அவ்வளவுதான்.