சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட்: சொகுசுக் கப்பலில் காசு எங்கே போகிறது?

சொகுசுக் கப்பல் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் ஒரு தொகை இருக்கும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்கும். நான் முதலில் படிப்பது அந்த இரண்டு வரியைத்தான். மேலே இருக்கும் தொகை ஒரு கேபினில் இரண்டு பேர் தங்கினால் ஆளுக்கு எவ்வளவு என்பது மட்டும். துறைமுகக் கட்டணமும் வரியும் தனி. ஊழியர்களுக்கான டிப்ஸ் அதைவிடத் தனி.

இந்த டிப்ஸ் விஷயத்தில்தான் நம்மூர்க்காரர்கள் பலரும் கப்பலில் ஏறிய பிறகு முகம் சுளிக்கிறார்கள். ஓட்டலில் மேஜையில் வைத்துவிட்டு வருகிற பத்து ரூபாய் சமாச்சாரம் இல்லை இது. பெரிய கப்பல்களில் ஒருவருக்கு ஓர் இரவுக்குச் சுமார் 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை கணக்கில் தானாகவே ஏறிக்கொண்டிருக்கும். பல கப்பல்களில் குழந்தைகளுக்கும் உண்டு. நான்கு பேர், நான்கு இரவு என்றால் இது மட்டுமே 256 முதல் 320 டாலர். நான் விசாரித்த ஒரு ஏஜென்ட் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானாகக் கேட்டதும், "அது கப்பல்ல கட்டிக்கலாம் சார்" என்றார். கட்டிக்கொள்ளலாம்தான், ஆனால் பட்ஜெட்டில் அதற்கு இடம் வேண்டுமே. ஆகவே விலையை ஒப்பிடும்போது டிக்கெட், வரி, டிப்ஸ் மூன்றையும் கூட்டி, ஆள் எண்ணிக்கையாலும் இரவு எண்ணிக்கையாலும் வகுத்துப் பாருங்கள். மலிவாகத் தெரிந்த கப்பல் மலிவில்லை என்பதும், விலை அதிகம் என்று ஒதுக்கிய கப்பல் பரவாயில்லை என்பதும் அப்போதுதான் தெரியும். இந்தியாவில் ஏஜென்ட் மூலம் வெளிநாட்டுப் பேக்கேஜ் எடுத்தால் டிசிஎஸ் என்று, விற்கும்போதே ஒரு வரியை முன்கூட்டிப் பிடிப்பார்கள். அது செலவில்லை, வருமான வரிக் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம். ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

நாங்கள் போனது சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் பார்த்துவிட்டு, ஒரு முழு நாள் கடலில் இருந்துவிட்டு, சிங்கப்பூரிலேயே இறங்கும் பயணம். நான், மனைவி, ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன், அப்புறம் அம்மா. இதே சிங்கப்பூரிலிருந்து எந்த ஊரிலும் நிற்காமல் கடலைச் சுற்றிவிட்டுத் திரும்புகிற பயணங்களும் இருக்கின்றன. சறுக்குமரம், நாடக அரங்கு என்று அவற்றிலும் கொண்டாட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் இவ்வளவு செலவழித்துப் போகிறவனுக்கு ஒரு புது ஊரில் கால் வைத்தாக வேண்டும் என்பது என் கட்சி. அதனால் கப்பலில் எத்தனை நீச்சல் குளம் என்று பார்ப்பதற்கு முன்னால், எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பார்த்தேன். பினாங்கில் மதியம் வந்து இரவு கிளம்பும் பயணம் ஒன்று கிடைத்தது. காலை எட்டு மணிக்கு வந்து மதியம் இரண்டுக்குக் கிளம்பிவிடுவதைவிட எங்களுக்கு இது வசதி. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தேதிக்கு வருவோம். விலையை ஏற்றுவது நம் பள்ளி விடுமுறை இல்லை, சிங்கப்பூரின் பள்ளி விடுமுறை. ஜூன் மாதமும் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முடியும் வரையிலும் அங்கே நீண்ட விடுமுறை. சீனப் புத்தாண்டை ஒட்டியும் விலை எகிறும். நம் பிள்ளைகளுக்குத் தேர்வு முடிகிற ஏப்ரல் கடைசியில் அங்கே பள்ளி நடந்துகொண்டிருக்கும். அந்த இடைவெளிதான் தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு அடிக்கிற அதிர்ஷ்டம். இன்னொன்று, தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் புக்கெட் பக்கம் அந்தமான் கடல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மலாக்கா நீரிணை இரண்டு பக்கமும் நிலம் காக்கிற கடல் என்பதால் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கிறது.

கேபின் விஷயத்தில் வீட்டில் சின்ன வாக்குவாதம். மனைவிக்குப் பால்கனி வேண்டும். எனக்கு ஜன்னலே இல்லாத உள் கேபின் போதும். கடைசியில் நான்கு பேர் தங்கும் உள் கேபின் ஒன்றையே எடுத்தோம். மூன்றாவது, நான்காவது ஆளுக்கு டிக்கெட் விலை நன்றாகக் குறையும். பல சமயம் இரண்டு கேபின் எடுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். இரண்டு கட்டில் கீழே, இரண்டு படுக்கை மேலிருந்து இறங்கி வரும். மகன் மேலே ஏறியதும் இறங்க மறுத்துவிட்டான். உள் கேபினில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. விடிந்தது தெரியாது. டிவியில் கப்பலின் முன்பக்கக் கேமரா ஓடும் சேனல் ஒன்று இருக்கும். ஒலியை அணைத்து அதை ஓடவிட்டால் இரவு விளக்குக்கு இரவு விளக்கு, ஜன்னலுக்கு ஜன்னல். நீரிணையில் போகிற சரக்குக் கப்பல்களை அம்மா படுத்தபடியே எண்ணிக்கொண்டிருந்தார்.

"எந்த அறை என்று கப்பல்காரர்களே முடிவு செய்வார்கள்" என்ற நிபந்தனையோடு இன்னும் குறைந்த விலையில் ஒரு வகை உண்டு. இரண்டு பேர் மட்டும் போனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். வயதானவர்கள் கூட இருந்தால் வேண்டாம். நடன அரங்குக்கு நேர் கீழே அறை விழுந்தால் தூக்கம் போச்சு. கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் அறை கேட்டு வாங்குங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. தனியாகப் போகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் கை கொடுக்காது. ஏறக்குறைய இரண்டு பேர் காசைக் கட்ட வேண்டியிருக்கும்.

விசா: சிங்கப்பூருக்கு வேண்டும், அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். கப்பலில் போய்த் திரும்புவதும் மறு நுழைவுதான் என்பதால் பலமுறை நுழையும் விசாவாக இருக்கிறதா என்று பாருங்கள். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா கேட்பதில்லை. தாய்லாந்தின் விதிகள் அவ்வப்போது மாறுகின்றன, கிளம்பும் முன் சரிபார்ப்பது நல்லது. பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

திருச்சியிலிருந்தே சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது. கப்பல் கிளம்புகிற அன்று காலையில் போய் இறங்கும் விமானம் ஒன்றும் பார்த்தோம், கொஞ்சம் மலிவுதான். ஆனால் விமானம் தாமதமானால் கப்பல் நமக்காக நிற்காது, கட்டிய பணமும் திரும்பாது. ஒரு நாள் முன்பே போய் லிட்டில் இந்தியாவில் தங்கினோம். மறுநாள் அங்கிருந்து டோபி காட் வரை ஒரு ரயில், மாறி மரீனா சவுத் பியர் வரை இன்னொரு ரயில். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் மரீனா பே கப்பல் முனையம். ஹார்பர்ஃபிரண்டில் இன்னொரு முனையம் இருப்பதால் டிக்கெட்டில் எது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பெட்டிகளை முனையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வந்து சேர சாயங்காலம் ஆகும். அதனால் மாத்திரைகள், நீச்சல் உடை, ஒரு மாற்றுத் துணி கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர் எல்லாம் ஸ்கேனிங்கில் மாட்டும். அம்மாவின் புளிக்காய்ச்சலை வீட்டிலேயே தடுத்துவிட்டேன்.

"அஞ்சு நாளும் ரொட்டியைத் தின்னுட்டு இருக்கணுமாடா?" என்பதுதான் கிளம்பும் வரை அம்மாவின் கவலை. சிங்கப்பூரில் கிளம்பும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் அதிகம் என்பதால் பஃபேயில் சோறு, பருப்பு, சப்பாத்தி, ஏதோ ஒரு பனீர் எப்போதும் இருந்தன. சாம்பார் என்ற பெயரில் வந்ததை மட்டும் அம்மா மன்னிக்கவில்லை.

நம் ஆட்கள் பலர் மூன்று வேளையும் பஃபேயிலேயே வரிசையில் நிற்கிறார்கள். கீழே மேஜை விரிப்பு போட்ட பெரிய உணவுக்கூடம் ஒன்று இருக்கிறதே, அதுவும் டிக்கெட்டிலேயே அடக்கம். உட்கார்ந்த இடத்துக்குச் சூப் முதல் இனிப்பு வரை கொண்டுவந்து பரிமாறுவார்கள். முதல் நாளே தலைமைப் பரிசாரகரிடம் "சைவம், முட்டையும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டால், மறுநாளிலிருந்து இந்தியச் சமையல்காரர் தனியாகச் செய்து அனுப்புவதுகூட உண்டு. எங்களுக்கு அனுப்பினார்கள். காசு வாங்கும் தனி உணவகங்கள் பக்கம் நாங்கள் போகவே இல்லை, போக வேண்டிய அவசியமும் வரவில்லை.

கப்பல்காரர்களுக்கு வருமானம் டிக்கெட்டில் மட்டும் இல்லை. மதுபானம், வைஃபை, கசினோ, புகைப்படம், ஸ்பா, கரைச் சுற்றுலா, எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை. நீட்டினால் போதும், பணம் கைமாறுவதே தெரியாது. மதுபானப் பேக்கேஜில் ஒரு கொக்கி உண்டு. ஒருவர் வாங்கினால் அதே கேபினில் இருக்கும் பெரியவர்கள் எல்லாருமே வாங்க வேண்டும் என்பது பல நிறுவனங்களின் விதி. குடிக்காதவர்களுக்குச் சேர்த்து ஒருவர் குடித்துத் தீர்ப்பது சாத்தியமில்லை. தண்ணீர், காபி, டீ பஃபேயில் சும்மா கிடைக்கிறது. போனை ஏறியதுமே ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சிக்னலைப் பிடித்தால் ரோமிங் கட்டணம் தீட்டிவிடும். கணக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தினமும் இரவு டிவியிலோ ஆப்பிலோ பார்த்துவிடுவது என் வழக்கம். தப்பாக ஏறியதை அன்றைக்கே சொன்னால் உடனே எடுத்துவிடுகிறார்கள்.

சரி, பினாங்கு. கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனின் வாசலிலேயே இருக்கிறது. வெளியே வந்ததும் டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள், தாண்டி நடங்கள். எதிரே விக்டோரியா அரசியின் ஆட்சிக்கு அறுபது ஆண்டு நிறைந்ததற்காக எழுப்பிய மணிக்கூண்டு, ஆண்டுக்கு ஓர் அடியாக அறுபது அடி உயரம். பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கிருந்து பொடிநடையாகப் பினாங்கின் லிட்டில் இந்தியா வந்துவிடும். கப்பலில் விற்ற பினாங்குச் சுற்றுலாவும் இதே தெருக்களைத்தான் காட்டுகிறது, பஸ்ஸில் உட்கார்த்திவைத்து.

மதியம் வந்து இரவு கிளம்பும் கப்பல் வசதி என்றேனே, காரணம் இதுதான். குவீன் தெரு மகா மாரியம்மன் கோயில் சாயங்காலம் நடை திறந்தபின் பார்க்க வேண்டியது. 1833இல் எழுந்த கோயில், பினாங்கின் இந்துக் கோயில்களிலேயே பழமையானது. வெயில் தாழ்ந்தபின் பூக்கட்டுகிறவர்கள், பாத்திரக் கடை, கேசட் காலத்துப் பாட்டு என்று தெருவே நம்மூர் கடைவீதி போல ஆகிவிடுகிறது. அம்மா ஒரு மணி நேரம் யாரிடமும் மொழிபெயர்ப்பு கேட்காமல் நடந்தார். பூக்காரம்மா, "எந்த ஊரும்மா?" என்று கேட்க, பேச்சு புதுக்கோட்டை வரை போய்விட்டது.

இந்தக் கரைக்கு நம் ஆட்கள் வந்ததும் கப்பலில்தான். ரஜூலா, அதற்குப் பின் 1985இல் தீப்பிடித்து நின்றுபோன எம்.வி. சிதம்பரம், இரண்டும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியவை. தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு வந்தவர்கள் ஏராளம். நாங்கள் அதே நீரிணையில் குளிர்சாதன அறையில் படுத்துக்கொண்டு சாம்பாரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

கொஞ்சம் தள்ளி கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய முஸ்லிம்கள் கட்டியது. அதே சாலையில் சீனர்களின் கருணைத் தேவி கோயில், சாலை முடியும் இடத்தில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். ராத்திரிச் சாப்பாடு எனக்கும் மகனுக்கும் நாசி காண்டார். தமிழ் முஸ்லிம்கள் காவடிக் கம்பில் தூக்கிக்கொண்டுவந்து விற்ற சோறு, இன்று பினாங்கின் அடையாளம். மூன்று நான்கு குழம்பை ஒன்றாக ஊற்றித் தருவார்கள், தனித்தனியாகக் கேட்காதீர்கள். அம்மாவுக்கும் மனைவிக்கும் வாழை இலைச் சாப்பாடு கிடைத்தது. ரசம் இருந்தது. இந்த ஊரில் சாப்பாட்டுக்கும் பூவுக்கும் மட்டும்தான் செலவு, அதுவும் ரிங்கிட்டில்.

புக்கெட்டில் கதை வேறு. பட்டோங் கடற்கரையில் பெரிய கப்பல் கரையணைய முடியாது. கடலில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்குவார்கள். டோக்கன், வரிசை, காத்திருப்பு என்று காலையில் நேரம் போகும். கடல் சரியில்லையென்றால் படகையே நிறுத்திவிடுவார்கள். கரையில் டாக்ஸிக்காரர்கள் சொல்லும் விலையைக் கேட்டால் தலை சுற்றும், செயலியில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். இரண்டு குடும்பமாகச் சேர்ந்து வேன் எடுத்தால் கட்டுப்படியாகும். தீவுப் படகுச் சுற்றுலாவுக்கு ஆசைப்பட்டால் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவுக்கே காசு கொடுத்துவிடுங்கள் என்பேன். அது தாமதமானால் கப்பல் காத்திருக்கும், வெளியே எடுத்தது தாமதமானால் காத்திருக்காது. தாய்லாந்தில் மணி சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். போன் தானாக மாறிக்கொள்ளும், கப்பல் மாறாமலும் இருக்கலாம். கைக்கடிகாரம் கப்பல் நேரத்திலேயே இருக்கட்டும்.

மனைவியும் அம்மாவும் புக்கெட்டில் இறங்கவே இல்லை. எல்லாரும் கரைக்குப் போய்விட்டதால் நீச்சல் குளம் காலி, ஸ்பாவில் அன்றைக்கு மட்டும் தள்ளுபடி. பட்டோங் வெயிலில் வேகாமல் அவர்கள் இருவரும்தான் புத்திசாலித்தனமாக நாளைக் கழித்தார்கள் என்று தோன்றியது.

கடல் நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாடக அரங்கின் இரவுக் காட்சிக்கு ஆப்பில் முன்பதிவு செய்யச் சொன்னால் ஏறிய முதல் நாளே செய்துவிடுங்கள், அதற்குக் காசு இல்லை, இடம்தான் போய்விடும்.

இறங்கும் முந்தைய இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். நாமே தூக்கிக்கொண்டு போகிறோம் என்று சொன்னால் முதலில் இறங்க விடுகிறார்கள். சிங்கப்பூர் வருகைப் படிவத்தை மறுபடி நிரப்ப வேண்டும், கப்பல் வைஃபை வாங்காமல் இரண்டு நாள் முன்பே புக்கெட் கரையில் வைத்து முடித்துவிட்டேன். கடைசி நாளில் ஒரு மேஜையில், அடுத்த பயணத்தை இப்போதே பதிவு செய்தால் சலுகை என்று கூவிக்கொண்டிருந்தார்கள். முன்பணம் திரும்பக் கிடைக்குமா, எத்தனை நாளுக்குள் தேதி மாற்றலாம் என்று கேட்டேன். திரும்பாது என்றார்கள். மகனின் அடுத்த வருடத் தேர்வு அட்டவணை எனக்கு எப்படித் தெரியும்? நன்றி சொல்லிவிட்டு ரயில் ஏறி, பதினோரு மணிக்கெல்லாம் சிராங்கூன் சாலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

விமானச் செலவே வேண்டாம் என்பவர்களுக்கு ஒன்று. சென்னைத் துறைமுகத்திலிருந்தே இலங்கைக்குக் கோர்டீலியா கப்பல் 2023இல் போகத் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வழி. சென்னையிலிருந்து எல்லா மாதமும் கிளம்பாது, பருவத்தைப் பார்த்துத்தான் வருகிறது. அப்போது போகத் தொடங்கிய கப்பல் 1990இல் கட்டியது, பெரிய கப்பல்களின் பிரமாண்டம் இருக்காது. ஆனால் சிங்கப்பூர் விமானம், சிங்கப்பூர் விசா, முந்தைய நாள் ஓட்டல் மூன்றும் மிச்சம். நான் மேலே சொன்ன வகுத்தல் கணக்கை அதற்கும் போட்டுப் பாருங்கள்.