கறுத்த முகத்தில் வெளிச்சம்

படம் வரையச் சொல்லி வருகிறவர்கள் போகும்போது மறக்காமல் சொல்வது ஒன்றுதான்: "முகம் மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருக்கட்டும்." நான் அதற்கு இசைவதில்லை. கறுத்த முகத்துக்கான வண்ணத்தில் வெள்ளையைக் குழைத்தால் முகம் சாம்பல் பூத்துவிடும். முகத்தில் வெளிச்சம் தெரிய வேண்டுமானால் முதலில் சுற்றியுள்ள இருட்டைச் சரியாகப் போட வேண்டும்.

இப்போது குளச்சலில் மீன் விற்கும் ஒரு பாட்டியை வரைந்துகொண்டிருக்கிறேன். படம் கேட்டவர், வளைகுடாவில் வேலை பார்க்கும் பேரன். ஓட்டு வீடு, ஒரே ஜன்னல். பாட்டியை அதற்குப் பக்கவாட்டில் உட்காரவைத்து வாசல் கதவைச் சாத்தினேன். ஒரு கன்னம் முழுக்க வெளிச்சம். மறுகன்னத்தில் கண்ணுக்குக் கீழே முக்கோணமாக ஒரு துண்டு மட்டும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் (1606–1669) விரும்பி வரைந்த ஒளி இது. புகைப்படக்காரர்கள் இன்றும் இதை அவர் பெயரால்தான் சொல்கிறார்கள்.

கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் நிறங்கள் மங்கி, இருட்டும் வெளிச்சமும் மட்டும் நிற்கும். நிழல் பக்கத்துத் தாடையும் கழுத்தும் சுவரும் ஒன்றாகிவிடும். அங்கே கோடு இழுத்துப் பிரிக்கவே கூடாது.

கன்னமேட்டின் மினுமினுப்பு வெள்ளை அல்ல. ஜன்னல் வழியாக வானம் தோலில் பட்டுத் திரும்புகிறது. ஆகவே நீலம் ஓடிய சாம்பல். தாடைக்கு அடியிலோ, சிவப்புச் சிமெண்ட் தரையின் ஒளி ஏறிச் செம்பழுப்பாகத் தெரிகிறது. நிழலுக்குக் கறுப்பு எடுப்பதில்லை. பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் சேர்ந்தால் உயிருள்ள இருட்டு கிடைக்கும். டைட்டானியம் வெள்ளையை இரண்டு இடத்துக்காக மட்டும் வைத்திருக்கிறேன்: கண்மணியின் பொட்டு, வடித்த காதின் ஈர ஓரம். (அந்த வெள்ளைக்கு மூலமான இல்மனைட், பக்கத்து மணவாளக்குறிச்சிக் கருமணலில் கிடைக்கிறது.)

இந்த வெளுப்பு ஆசை எங்கிருந்து வந்தது? ரவி வர்மா (1848–1906) நம் பழைய திருவிதாங்கூர்க்காரர். பட்டின் மடிப்பிலும் நகையிலும் அவர் ஒளியை வைத்த விதத்தைப் பார்த்துத்தான் நான் எண்ணெய் வண்ணத்துக்கே வந்தேன். ஆனால் 1894இல் அவர் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் வீட்டுக்கு வீடு வெளுத்த தெய்வ முகங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அழகு என்றால் அந்த நிறம்தான் என்று நம் கண் பழகிவிட்டது. எனக்கு அதில் தீராத வருத்தம்.

பேரனுக்குப் பாதிப் படத்தைக் கைபேசியில் அனுப்பினேன். "பாட்டி இவ்வளவு கறுப்பா?" என்று கேட்டார். சுவரை இன்னும் இரண்டு படி இருட்டாக்கி மறுபடி அனுப்பினேன், முகத்தைத் தொடவில்லை. "இப்போது நிறம் சரியாக வந்திருக்கிறது" என்று பதில் வந்தது.