டிஃபென்டர் இருக்க இன்னொரு ஸ்கேனர் எதுக்கு?

கல்முனையில் பிரிண்ட் எடுக்கக் கொடுத்த பென்ட்ரைவைத் திரும்பப் போட்டதும் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாகத் தெரிகிறதா? ஒன்றையும் திறக்க வேண்டாம். திறந்தால் வைரஸ் கணினிக்குள் ஏறும். உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டுத்தான் இருக்கும்.

விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் ஆன்டிவைரஸான டிஃபென்டர் கண்டுபிடிக்காததை இன்னொரு ஸ்கேனர் பிடிக்கலாம். மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு அதற்குப் போதும். அதை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே தரவிறக்குங்கள். கடைக்காரர் டிவிடியில் தரும் 'கிராக்' (பூட்டு உடைத்த திருட்டு) பதிப்புத்தான் பல வீடுகளில் முதல் வைரஸே.

நிறுவியதும் செட்டிங்ஸில் மால்வேர்பைட்ஸை விண்டோஸ் செக்யூரிட்டி சென்டரில் ஆன்டிவைரஸாகப் பதியும் தெரிவை அணைத்துவிடுங்கள். அந்தத் தெரிவு இயங்கினால் டிஃபென்டர் ஒதுங்கிக்கொள்ளும். இலவசப் பதிப்போ நாம் ஸ்கேன் கொடுத்தால்தான் வேலை செய்யும், நாள் முழுக்கக் காவல் இருக்காது.

ஸ்கேன் தொடங்கும்போது முதலில் அப்டேட் தேடும். அந்த நேரம் டேட்டா இல்லையென்றால் பழைய வைரஸ் பட்டியலை வைத்தே தேடிவிட்டு 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிடும். அதனால் இணைப்பைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். பென்ட்ரைவைப் பார்க்க கஸ்டம் ஸ்கேனில் அந்த டிரைவ் எழுத்துக்கு டிக் போட வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரும் இலவசம், நிறுவத் தேவையில்லை. ஆனால் தரவிறக்கி 10 நாளில் காலாவதி, பிறகு புதிதாக இறக்க வேண்டும். அதுவும் டிஃபென்டரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். வேறு ஆன்டிவைரஸ் வைத்திருப்பவர்களுக்கே அது கூடுதல் பயன்.