45 செக்கனும் ஒரு கதிரையும்

மே 19

எங்கட தையல் பக்டரியில, வேலையில வீணாப் போறதைக் குறைக்கப் பழக்கிற ட்ரெய்னிங்குக்கு என்ர பேரையும் போட்டிருக்கினம். டார்கெட்டும் குறையாதாம், ட்ரெய்னிங்கும் நடக்குமாம். எப்பிடி எண்டு சுப்பர்வைசருக்கே விளங்கேல்ல.

மே 20

கொப்பி பேனை ஒண்டும் இல்லை, எல்லாம் தையல் லைன்லதான். ட்ரெய்னிங் தாற சேர் என்ர கையில ஸ்டொப்வொச்சைத் தந்திட்டார். 8 மணித்தியாலத்தில சாப்பாடு, தேத்தண்ணி கழிச்சா 450 நிமிசம், அதாவது 27,000 செக்கன். நாளுக்கு 600 பீஸ் வேணும் எண்டா 45 செக்கனுக்கு ஒண்டு வெளியில வரவேணும், அதுக்குப் பேர் டக்ட் டைமாம். கொலர் வைக்கிற தங்கச்சிக்கு 58 போகுது. அவளுக்கு முன்னால பண்டில் குவிஞ்சு கிடக்கு, அவளுக்கு அடுத்தவள் சும்மா இருக்கிறாள். சுப்பர்வைசர் நெடுக அவளைத்தான் ஸ்லோ எண்டு பேசுறது. சேர் சொல்லுறார், அவள் ஸ்லோ இல்லை, அந்த ஒரு வேலைக்குள்ள ரெண்டு வேலை கிடக்கு, பிரிச்சு அடுத்த மெசினுக்குக் குடுங்கோ எண்டு. பிரிச்சம். சரிவந்திட்டுது. இண்டைக்குத்தான் அந்தப் பிள்ளை மத்தியானம் ஆறுதலாச் சாப்பிட்டதைப் பாத்தன்.

மே 21

சரியான சோளகம். பஸ் யன்னலுக்கால புழுதி. லைனுக்குப் பண்டில் எடுத்துக் குடுக்கிற ஹெல்பர் அக்காவுக்குக் கால் நோவாம்.

மே 22

5எஸ், வேலையிடத்தை ஒழுங்கா வச்சிருக்கிற அஞ்சு ஜப்பான் சொல்லு. செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே, பாடமாக்கியாச்சு. தேவையில்லாத சாமானுக்கு சிவப்பு டாக் கட்டவேணும். உடைஞ்ச பெட்டி, பழைய பொபின், ஆரோ விட்டிட்டுப் போன குடை, எல்லாத்துக்கும் கட்டினம். பின்னேரம் பாத்தா ஹெல்பர் அக்கான்ர பிளாஸ்டிக் கதிரைக்கும் கட்டிக் கிடக்கு. ஹெல்பருக்குக் கதிரை லிஸ்ட்ல இல்லையாம். அவா ஒண்டும் கதைக்கேல்ல. ஜெய்ப்பூர் பொய்க்காலின்ர பட்டியை ஒருக்காத் தளத்திப்போட்டு, திரும்ப இறுக்கிக்கொண்டு பண்டில் எடுக்கப் போயிட்டா.

மே 23

டாக் அப்பிடியே கிடக்கு.

மே 26

லைன்ட படத்தைக் கீறி, ஆள் நடக்கிற வழியெல்லாம் பேனையால இழுக்கச் சொன்னவை. ஸ்பகெட்டி படமாம், எனக்கு இடியப்பம் கொட்டுண்டது மாதிரி இருந்துது. அதில முக்கால்வாசிக் கோடு அக்கான்ர. தையிச்ச பீஸுக்குத்தான் வாங்கிறவன் காசு தருவான், நடைக்குத் தரமாட்டான், அதால நடை வீண், ஜப்பான்ல முடா, எண்டு சேர் விளங்கப்படுத்தினவர். ஏழு வகை வீணாம். தாயீச்சி ஓனோ எண்டவர் டொயோடாவில ஆக்களைச் சோக்கால கீறின வட்டத்துக்குள்ள மணித்தியாலக் கணக்கா நிப்பாட்டி, வடிவாப் பாருங்கோ எண்டு விடுவாராம். நானும் நிண்டு பாத்தனான். அக்கா பண்டில் வைக்கிற ராக்கடிக்குப் போய் வாறா, போய் வாறா. அதை வீண் எண்டு எழுத எனக்குக் கை வரேல்ல. ஆனா எழுதவேணும், உண்மையா அது வீண் நடைதான், அந்தக் காலுக்கு இன்னும் வீண்.

மே 27

அஞ்சு ஏன். ஒரு பிரச்சினைக்கு அஞ்சுதரம் ஏன் எண்டு கேட்டுக்கொண்டு போகவேணுமாம். அக்கா ஏன் நடக்கிறா? ராக் தூரம். ஏன் தூரம்? ஒபிஸ் வாசலடியில கிடக்கு. ஏன் அங்க? பையர் வந்தா வடிவாத் தெரியவேணுமாம். அதோட ஆரோ வந்து கதையை மாத்திப்போட்டினம். இன்னும் ரெண்டு ஏன் மிச்சம் கிடக்கு.

மே 28

இண்டைக்கு ஊசி முறிஞ்சது என்ர மெசின்ல. முறிஞ்ச துண்டெல்லாம் பொறுக்கி, கொப்பியில டேப்பால ஒட்டினாத்தான் புது ஊசி தருவினம். நுனி கிடைக்கேல்ல. காந்தத்தைப் பிடிச்சுக்கொண்டு நிலமெல்லாம் தேடினம், கடைசியா பீஸின்ர மடிப்புக்குள்ள இருந்து அக்காதான் எடுத்துத் தந்தவா. சகிச்சி டொயோடா எண்டவர் 1924ல செய்து முடிச்ச தறி நூல் அறுந்தா தானா நிண்டிடுமாம். ஹையேஸ் வான் செய்யிற டொயோடாக் கொம்பனி தறியில இருந்து வந்ததெண்டு எங்கட வான் காரருக்குத் தெரியுமோ தெரியாது. பிழை வந்தா ஆரும் லைட்டைப் போட்டு லைனை நிப்பாட்டலாம் எண்டு சேர் சொல்லுறார். லைட்டைப் போட்டா முதல் வாறது ஏச்சு, பேந்துதான் மெக்கானிக்.

ஜூன் 1

அம்மா புட்டு அவிக்கேக்க செக்கன் எண்ணுறன். பேச்சு வாங்கினன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு லீவு கேக்கிறதோ விடுறதோ தெரியேல்ல.

ஜூன் 2

ராக்கை லைனுக்குக் கிட்ட கொண்டந்தாச்சு! நான் சொன்ன இடத்திலயே. அக்கான்ர கோடு பாதிக்கு மேல போயிட்டுது, படத்தில பாக்கவே சந்தோசம். கைதட்டினவை, போட்டோ எடுத்தவை.

மூண்டு மணிபோல சுப்பர்வைசர் மெதுவாக் கேக்கிறா, இனி ரெண்டு லைனுக்கு ஒரு ஹெல்பர் காணும் என்ன எண்டு.

ஜூன் 3

நித்திரை இல்லை. டொயோடா 2001ல தங்கட கொள்கையா எழுதி வச்ச ரெண்டு தூணில ஒண்டு மனிசரை மதிக்கிறதாம், சேர்தான் சொன்னவர். எங்கட போர்டில மற்றத் தூண் மட்டும், கைசன், அதாவது விடாமத் திருத்திக்கொண்டு போறது, பெரிசா. மிச்சப்பட்ட ஆளை வேலையால நிப்பாட்டினா அடுத்தமுறை ஒருத்தரும் ஐடியா சொல்லமாட்டினம் எண்டும் சொன்னவர். அதை மேல ஆருக்காவது சொன்னவரோ? கேட்டன். ரிப்போர்ட்டில போட்டிருக்கிறாராம். ரிப்போர்ட் இங்கிலீசில. அக்காவுக்கு பீஸ் பாக்கிற வேலை குடுக்கலாம், அண்டைக்கு ஊசி நுனியை எடுத்தது ஆர்? அது இருந்து செய்யிற வேலை. அதுக்குக் கதிரையும் லிஸ்ட்ல இருக்கு.

ஜூன் 4

நாளைக்குக் காலமை அக்காவை ஒபிசுக்கு வரட்டாம். என்னையும். நான் எடுத்த டைம் பேப்பரையும் கொண்டு வரட்டாம்.