சுகர் கணக்கு மாதிரி மனசுக்கும் ஒரு கணக்கு

தி.நகர் நடேசன் பூங்காவில் காலை ஆறரை மணிக்கு இரண்டு சுற்று நடந்தால் போதும், பாதிப் பேட்டையின் சர்க்கரை அளவு காதில் விழுந்துவிடும். "ஃபாஸ்டிங் நூத்தி நாப்பது, சாப்ட்டப்புறம் இருநூத்திப் பத்து, டாக்டர் மாத்திரையை மாத்திட்டார் சார்." யாருக்கும் கூச்சமில்லை. அதே பெஞ்சில் ஒருவர், "மூணு வாரமா விடியக்காலை மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது, காரணமே இல்லாம அழுகையா வருது" என்று சொல்லிப் பார்க்கட்டும். பக்கத்தில் இருப்பவர் வாட்ச்சைப் பார்ப்பார்.

சர்க்கரையைப் பற்றி இப்படிச் சரளமாகப் பேச முடிவதற்கு ஒரு காரணம், அதற்கு எண் இருக்கிறது. நூற்று நாற்பது என்பது உங்கள் குணத்தையோ வளர்ப்பையோ குறை சொல்வதில்லை. மனசுக்குக் குளுக்கோமீட்டர் கிடையாதுதான். ஆனால் எண்ணக்கூடியவை நிறைய உண்டு: தூங்கிய மணி நேரம், தவறிய சாப்பாட்டு வேளை, குளிக்காமல் போன நாள், எடுக்காமல் விட்ட போன். பேச்சை அங்கிருந்து ஆரம்பித்தால் பாதிச் சங்கடம் குறையும்.

சென்னைக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு தடை உண்டு. "கீழ்ப்பாக்கம்" என்று சொன்னாலே சிரிப்பு வருகிற ஊர் இது. 1794இல் தொடங்கிய பழைய மனநலக் காப்பகம்தான் அங்கே இருக்கிற இன்றைய அரசு மனநலக் காப்பகம். மேடவாக்கம் டேங்க் ரோட்டில் தினமும் ஓபி நடக்கிற, மருந்தை இலவசமாகத் தருகிற இடம். அதை வசவுச் சொல்லாக்கி வைத்ததன் விலை, உதவி தேவைப்படுகிறவர் அந்த கேட்டைத் தாண்டவே இன்னும் ஒரு வருடம் யோசிப்பது.

முதலில் யாரிடம் சொல்வது? ரொம்பப் பிடித்தவரிடம்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. பதறாதவராக இருந்தால் போதும். பல வீடுகளில் அது அம்மா இல்லை, சித்தியோ அக்கா வீட்டுக்காரரோதான். சாப்பாடு பரிமாறும்போதும் விருந்தாளி இருக்கும்போதும் வேண்டாம். மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற நேரம், காய் வாங்க நடக்கிற நேரம் நல்லது. கை வேலையாக இருந்தால் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை.

சொல்வதில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: என்ன நடக்கிறது, எத்தனை நாளாக, அவரிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும். "அம்மா, ரெண்டு வாரமா நாலு மணி நேரத்துக்கு மேல தூக்கம் இல்ல. மூணு நாள் லீவு போட்டுட்டேன். சனிக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போறேன், நீ கூட வந்தா போதும்." அந்த மூன்றாவது விஷயத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் என்ன ஆகும்? கேட்டவருக்கு என்ன செய்வதென்று தெரியாது, அறிவுரையை ஆரம்பித்துவிடுவார். "எனக்கு டிப்ரஷன்" என்று தொடங்குவதிலும் சிக்கல் இருக்கிறது. ஒரு அப்பாவின் காதில் அது "சும்மா சொல்றான்" என்று விழும், இன்னொரு அப்பாவின் காதில் "கல்யாணம் நின்னு போச்சு" என்று விழும். நோயின் பெயரை டாக்டர் சொல்லட்டும்.

"கோயிலுக்குப் போயிட்டு வா, எல்லாம் சரியாயிடும்" என்பார்கள். சண்டை வேண்டாம், போய் வாருங்கள். பிரகாரம் சுற்றுவதும் நடைதான், நாலு பேர் முகம் பார்ப்பதும் நல்லதுதான். டாக்டர் அப்பாயின்ட்மென்டை மட்டும் அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

கேட்கிற பக்கம் இருப்பவர்களுக்கு: "தைரியமா இரு" என்பதும், "உனக்கென்ன குறைச்சல்" என்பதும் கதவைச் சாத்துகிற வாக்கியங்கள். நம்மிடம் ஏற்கெனவே ஒரு நல்ல கேள்வி இருக்கிறது: "சாப்டியா?" அதோடு "நேத்து எத்தனை மணிக்குத் தூங்கின?" என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் போதும். பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

ஆபீஸில் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதே இல்லை. தேவை எதுவோ அதைச் சொல்லுங்கள்: நான்கு வாரம் நைட் ஷிப்ட் வேண்டாம், மருத்துவச் சான்று தருகிறேன்.

எப்போது டாக்டரிடம் போவது என்பதற்கு உலகம் முழுக்கப் பயன்படுகிற ஓர் அளவு இரண்டு வாரம். பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி, மனச்சோர்வோ எதிலும் பிடிப்பில்லாமையோ இருந்து, கூடவே தூக்கம், பசி, கவனம், தெம்பு என்று மற்றவையும் கெட்டிருந்தால் காத்திருக்க வேண்டாம். மனச்சோர்வை அளந்து பார்க்கிற பிஹெச்க்யூ-9 என்ற வினாத்தாள் தமிழிலும் இருக்கிறது. ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. கூட்டுத்தொகை 10 வந்தாலே டாக்டரைப் பார்ப்பது நல்லது. கடைசிக் கேள்வி உயிரை விட்டுவிடும் எண்ணத்தைப் பற்றியது. மற்ற எட்டுக்கும் என்ன மதிப்பெண் போட்டிருந்தாலும், அதில் பூஜ்யம் இல்லையென்றால் அன்றைக்கே ஒருவரிடம் பேச வேண்டும். வினாத்தாள் நோயை உறுதிசெய்யாது. வீட்டு பிபி மெஷின் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தப் பரிசோதனையையும் மறக்காதீர்கள். தைராய்டு குறைந்தாலும், ஹீமோகுளோபின் குறைந்தாலும், பி12 குறைந்தாலும் சோர்வும் மந்தமும் வரும். சுத்த சைவக்காரர்களுக்கு பி12 குறைவது சகஜம். இவற்றைப் பார்க்காமல் மாதக்கணக்கில் மனசோடு மல்லுக்கட்டுவது வீண்.

இனி தினசரிப் பழக்கம். இதில் தூக்கத்துக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான். தூக்கம் வரும் நேரத்தை நம்மால் கட்டுப்படுத்த முடியாது, எழும் நேரத்தை முடியும். எனவே எழுவது தினமும் ஒரே நேரம், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. தூக்கம் வரவில்லையே என்று ஒன்பது மணிக்கே போய்ப் படுப்பவர்கள் செய்கிற தவறு ஒன்று உண்டு: மூன்று மணி நேரம் புரண்டு புரண்டு, பாய் என்றாலே கவலைப்படுகிற இடம் என்று மூளைக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். கிட்டத்தட்ட இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், உத்தேசமாகப் போதும். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் வேறு அறைக்கு எங்கே போவது? பால்கனி நாற்காலி போதும். விளக்கு மங்கலாக, போன் இல்லாமல், கண் சொக்கும்போது திரும்பப் போங்கள்.

காபி. உடம்பில் சேர்ந்த கேஃபீன் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடித்த டிகாக்‌ஷனில் பாதி இரவு பத்து மணிக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். மதியம் இரண்டோடு நிறுத்திப் பாருங்கள். திடீரென்று மொத்தத்தையும் நிறுத்தினால் இரண்டு நாள் தலைவலி மண்டையைப் பிளக்கும். ஒவ்வொரு டம்ளராகக் குறையுங்கள். குடித்தால்தான் தூக்கம் வருகிறது என்பவர்களுக்கு: மது தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பியும் விடும். அந்த மூன்று மணி முழிப்புக்குப் பல வீடுகளில் அதுவே காரணம்.

ஓ.எம்.ஆர். நைட் ஷிப்ட்காரர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். விடிந்தபின் ஆபீஸ் காரில் திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி, வீட்டில் வெளிச்சம் புகாத கெட்டித் திரை. காலை வெயில் கண்ணில் பட்டால் மூளை பகல் தொடங்கிவிட்டதென்று முடிவுகட்டிவிடும்.

மூச்சுப் பயிற்சி எல்லோரும் சொல்வது, பெரும்பாலோர் தவறாகச் செய்வது. "நல்லா ஆழமா இழு" என்பதுதான் தவறு. பதற்றத்தில் பெரிய பெரிய மூச்சாக இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் நுனியும் உதட்டோரமும் மரத்து, தலை சுற்றும். அதைப் பார்த்துப் பயம் இன்னும் கூடும். செய்ய வேண்டியது: மூக்கால் நான்கு எண்ணும்வரை மெதுவாக உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. வயிறு எழும்ப வேண்டும், தோள் எழும்பக் கூடாது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். வெளிமூச்சின்போதுதான் இதயத் துடிப்பு தணியும் என்பதால்தான் அதற்கு நீளம் அதிகம். அமைதியான நாளில் மெட்ரோவில் உட்கார்ந்தபடி பழகினால்தான் பதற்றமான நாளில் கைகொடுக்கும். பீதி ஏறுவது பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சம் தொட்டுத் தானாக இறங்கும். ஆனால் முதல் தடவை நெஞ்சை அடைக்கிறது என்றால் பீதி என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். வாயு என்றும் முடிவு செய்யாதீர்கள். போய் ஈசிஜி எடுங்கள்.

சோர்ந்திருக்கும்போது மனசு சரியானதும் செய்யலாம் என்று காத்திருந்தால் எதுவும் நடக்காது. செய்தால்தான் மனசு மெல்லப் பின்னால் வரும். தொடங்குகிற அளவில்தான் தவறு நேர்கிறது. நாளையிலிருந்து ஐந்து மணிக்கு மெரினா, ஒரு மணி நேரம் ஓட்டம் என்று திட்டம் போட்டு, மூன்றாம் நாள் விட்டுப்போனதும் "என்னால எதுவுமே முடியாது" என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும். தெருமுனைக் கடை வரை பத்து நிமிடம் போதும். குளிப்பது மலையாகத் தெரிந்தால் துண்டை எடுத்து பாத்ரூம் கொடியில் போடுவது மட்டும் இன்றைய வேலை. செய்வதற்கு முன்னும் பின்னும் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று நாட்காட்டித் தாளில் குறியுங்கள். இரண்டு மூன்றாக ஏறினால்கூட லாபம்தான்.

டாக்டர் விஷயத்தில் பெயர்க் குழப்பம் தீரட்டும். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்குமேல் மனநலம் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். பேச்சு வழிச் சிகிச்சை தருவார், ஒரு அமர்வு முக்கால் மணி நேரம் போல நடக்கும். கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்கிற நிலை இருப்பதால், படிப்பைக் கேட்டுவிட்டு உட்காருவதில் தவறில்லை. கீழ்ப்பாக்கம் தவிர, சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் மனநலப் பிரிவு உண்டு. மனச்சிதைவு நோய்க்கென்றே 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ப் அமைப்பு அண்ணா நகர் பக்கம் இருக்கிறது. போகும்போது ஒரு தாளில் இரண்டு வாரத் தூக்கக் கணக்கு, சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் பெயர் (சித்தா, நாட்டு மருந்து உட்பட), குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்ற தகவல் எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் பாதி மறந்துபோகும்.

மனச்சோர்வுக்கான மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி அரை மணியில் கேட்காது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சில சமயம் ஆறு வாரம்கூட ஆகும். பக்கவிளைவு மட்டும் முதல் வாரமே வந்துவிடும்: குமட்டல், தலைவலி, கொஞ்சம் படபடப்பு. பலர் மாத்திரையைத் தூக்கிப்போடுவது இந்த இடத்தில்தான். சாப்பிட்டபின் போட்டால் குமட்டல் குறையும். அடுத்த தவறு, நன்றாகிவிட்டதென்று இரண்டாம் மாதமே நிறுத்துவது. சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றும், மின்சாரம் தொட்டமாதிரி சுரீர் சுரீர் என்று இருக்கும். டாக்டர்தான் படிப்படியாக இறக்குவார். உடனே தூங்க வைக்கிற அல்பிரசோலம் வகை வேறு சாதி. அது பழக்கமாகிவிடும். பக்கத்து வீட்டு மாமிக்குக் கேட்டது என்று இரண்டு வாங்கிப் போடுவது ஆபத்து.

மனநிலை ஒரேயடியாக ஏறி இறங்கும் நோய்க்குத் தருகிற லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர்கள் கத்திரி வெயிலில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வியர்வையில் நீரும் உப்பும் போனால் ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறும். கை நடுக்கம், வாந்தி, பேதி, நடை தள்ளாட்டம் வந்தால் வெயில் என்று விட்டுவிடாமல் அன்றே டாக்டரைப் பாருங்கள். அவரைக் கேட்காமல் உப்பையும் குறைக்க வேண்டாம்.

"செத்துடலாம் போல இருக்கு" என்று ஒருவர் சொன்னால், அல்லது சொல்லாமலே அப்படித் தோன்றினால், நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு நினைக்கிறியா?" கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் தவறு. கேட்பது பெரும்பாலும் அவருக்கு மூச்சு விடுவது போல் இருக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் எடுப்பார்கள். தமிழ்நாடு அரசின் உதவி எண் 104 உண்டு. 1986 முதல் சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டிருந்தால் 108. போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று ஆஸ்பத்திரிக்குத் தாமதிக்க வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

வீட்டிலுள்ள மாத்திரைகளைக் கணக்கெடுங்கள். தாத்தாவின் சுகர், பிபி மாத்திரையும் சேர்த்து எல்லாம் ஒரே டப்பாவில், பீரோவில், சாவி ஒருவரிடம். எலி மருந்து இருந்தால் அன்றே வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள். அந்த எண்ணம் அலைபோல ஏறி இறங்கும். ஏறுகிற நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாமல் செய்வதே நிறைய உயிரைக் காக்கும். தினமும் போட வேண்டியதை அன்றன்றைக்கு எடுத்துக் கொடுங்கள். மறுநாள் காலை ஒரு போன் போடுங்கள், வீட்டிலேயே இருந்தால் காபியோடு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால், நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேட்டுத் தொடங்கலாம்.