மற்றதெல்லாம் எப்படி இருந்தது?

"தம்பி, அந்த நாலஞ்சு லாக் சரி. மத்ததெல்லாம் எப்படி இருந்துச்சு?" என்று, எலி விட்னியின் துப்பாக்கிக் கதையை நான் சொல்லி முடித்ததும், அருங்காட்சியகம் பார்க்க வந்த பெரியவர் ஒருவர் கேட்டார். "அதுவும் வந்துச்சு சார், கொஞ்சம் தாமதமா" என்றேன். அந்தக் 'கொஞ்சம்' இன்னும் என்னை விடவில்லை.

அருங்காட்சியகத்தில் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் எலி விட்னியின் கதையைச் சொல்வது என் வேலை. 1801 ஜனவரி, வாஷிங்டன். அதிபர் ஜான் ஆடம்ஸ், துணை அதிபர் ஜெஃபர்சன் முன்னால் மஸ்கெட் துப்பாக்கியின் லாக்குகளை, அதாவது பல பாகங்கள் சேர்ந்த சுடும் பொறிகளை, விட்னி எடுத்து வைக்கிறார். எதை மாட்டினாலும் பொருந்துகிறது. நூறு லாக்கைப் பிரித்துக் கலந்துவிட்டு, கைக்கு வந்ததை எடுத்துக் கோத்தாலும் சேரும் என்று ஜெஃபர்சனே அந்த ஆண்டு கடிதம் எழுதினார். பிள்ளைகள் வாய் பிளந்து நிற்பார்கள். நான் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

கேட்டவர் மகன் வீட்டுக்கு வந்திருந்த பெரியவர், ஓய்வுபெற்ற ஃபிட்டர். "சாம்பிள் பீஸை அரம் போட்டு ராவிக் கொண்டுபோறது எங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

எனக்கும் தெரியும். 1798 ஒப்பந்தப்படி 10,000 துப்பாக்கிகள், ஒன்று 13.40 டாலர், 1800 செப்டம்பருக்குள். கடைசித் தவணை போனது 1809இல். மிஞ்சிய துப்பாக்கிகளைப் பின்னாளில் ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, ஒன்றின் பாகம் இன்னொன்றில் சேரவில்லை. சில பாகங்களில் தனித்தனிக் குறிகள் வேறு. எல்லாம் ஒன்றுபோல என்றால் குறி எதற்கு?

ஏன் சொல்லவில்லை? பள்ளிப் பிள்ளைகள் கூட நின்றார்கள். அப்புறம், விட்னி மேல் எனக்கு உண்மையிலேயே மரியாதை உண்டு. 1798இல் அமெரிக்காவுக்கு பிரான்சோடு போர் மூளும் நிலை. அமெரிக்கச் சுதந்திரப் போருக்குத் துப்பாக்கி கொடுத்ததே அந்த பிரான்ஸ்தான். இனி யாரிடம் வாங்குவது? துப்பாக்கி செய்தே பழக்கமில்லாத ஒருவரை நம்பி அரசு முன்பணம் கொடுத்தது. அது நின்றுபோகாமல் இருக்க அவர் எதையாவது காட்டியாக வேண்டும். அரசு காட்டிய அந்தப் பொறுமையில்தானே பின்னால் மற்றவர்களுக்கும் அவகாசம் கிடைத்தது?

இப்படிச் சமாதானம் சொல்லி முடிக்கும்போதே ஜான் ஹால் நினைவுக்கு வந்துவிடுகிறார். ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி அரசு ஆயுத ஆலையில் 1820களில் அவர் செய்த ரைஃபிள்கள் நூறின் பாகங்களை ஒரு குழு கலந்துபோட்டு மறுபடி கோத்துப் பார்த்தது. சேர்ந்தது. வாயால் சொன்னதை நிஜமாகச் செய்து காட்டிய அந்த மனிதரின் பெயரை இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட நான் சொன்னதில்லை.

இப்போது சொல்கிறேன். கதை நீள்கிறது, பிள்ளைகள் நெளிகிறார்கள். சில நாள் பழையபடி 1801இலேயே நிறுத்திவிடுகிறேன்.

அன்று கிளம்பும் முன் பெரியவர் கண்ணாடிப் பெட்டிமேல் குனிந்து அந்த லாக்கை வெகுநேரம் பார்த்தார். "கைவேலை நல்லாத்தான் இருக்கு, தம்பி" என்றார்.